பதினோராவது பொருத்தம்

கொல்லிமலையின் பதினேழாவது வளைவில் ஒரு பலாப்பழம் மிதுனாவை முந்திச் சென்றது.

பழத்துக்குக் கீழே ஒரு பெண் இருந்தாள். தலையில் சும்மாடு, வாயில் வெற்றிலை, காலில் செருப்பு இல்லை. வளைவுகளைச் சுற்றாமல் குறுக்கே ஏறும் ஒற்றையடிப் பாதையிலிருந்து வெளிப்பட்டுத் தார்ச்சாலையை நாலு எட்டில் கடந்தவள், நின்று திரும்பிப் பார்த்தாள். நாலு புத்தம்புது சைக்கிள்கள், நாலு ஹெல்மெட்டுகள், பின்னால் ஒரு வேன். எல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லீங்க, நல்லாத்தான் ஓடுது," என்றார் ஜெகதீசன் மாமா.

"இதுக்குப் பேரு ஓட்டமுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவள் எதிர்ப்பக்கப் பாதையில் ஏறி மறைந்தாள்.

மிதுனாவுக்கு மானம் போயிற்று. கால்கள் சுற்றிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். மிதிப்பதாகவே தோன்றவில்லை, மாவைக் கரண்டியால் கிண்டுவதுபோல இருந்தது. எரிச்சலில் கொஞ்சம் அழுத்தினால் சைக்கிள் அந்த அழுத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டு அதே நடையில் போயிற்று. முந்தின வளைவில் ஒரு குரங்கு மாமாவின் கேரியரில் ஏறி, தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று முடித்து, அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது. இறங்குவதற்கு அது குதிக்கக்கூட இல்லை.

முன்னால் சர்வேஷின் முதுகு தெரிந்தது. அவள் கட்டிக்கொள்ள விரும்பும் முதுகு. அவனுக்கு முன்னால் அவனுடைய அம்மா வளர்மதி, சுடிதாருக்கு மேல் துண்டு போர்த்தி, ஏதோ துக்கத்துக்குப் போவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். மாமா கடைசியில். பெண் வீட்டில் இருவர், பையன் வீட்டில் இருவர். அதுதான் முறை.

சமன் சைக்கிள் வந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. யோசனை எளிமையானது. நாலு பேர் மலையேறக் கிளம்பினால் ஒருவன் முன்னால் பறப்பான், ஒருவன் பாதியில் வாந்தி எடுப்பான், மற்ற இருவரும் அந்த இருவரையும் திட்டுவார்கள். இதற்கு மருந்தாக யாரோ ஒரு புண்ணியவான் சக்கரத்தின் நடுவில் ஒரு சின்ன இயந்திரத்தை வைத்தான். பலசாலி மிதிக்கும்போது மிஞ்சுவதை அது எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் வருகிற பலவீனனின் சக்கரத்துக்குக் காற்றிலேயே அனுப்பிவிடும். வெளியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் கிடையாது, நாலு பேர் கால்தான் மின்சாரம். கிளம்பும் முன் ஒவ்வொருவரும் கொஞ்ச நேரம் முழுமூச்சாக மிதித்துக் காட்ட வேண்டும். அதிலிருந்து ஆளுக்கொரு கால் எண் வரும். எல்லா எண்ணையும் சேர்த்துப் பார்த்து, யாருக்கும் மூச்சு முட்டாத ஒரு வேகத்தைச் சைக்கிள்களே வைத்துக்கொள்ளும். சேர்ந்து கிளம்பியவர்கள் சேர்ந்தே போய்ச் சேருவார்கள்.

சேலத்துக் கல்யாணத் தரகர் ஒருவர்தான் அதில் வேறொன்றைப் பார்த்தார். பயணம் முடிந்ததும் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று திரையில் வரும். ஜாதகத்தைத் திருத்தலாம், போட்டோவை வெளுக்கலாம், சம்பளத்தை ஏற்றிச் சொல்லலாம், கால் மட்டும் பொய் சொல்லாது என்றார் அவர். பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் பதினொன்றாவதையும் பார்க்கத் தொடங்கினார்கள். பெண் பார்க்கப் போவது குறைந்து மலை பார்க்கப் போவது வழக்கமாயிற்று. கேசரியும் பஜ்ஜியும் வேனில் பின்னால் வந்தன. கூடவே புதிய வசவுகளும் வந்தன. அதிகம் பெற்றால் 'வாங்குற காலு'. அதிகம் கொடுத்தால் 'அடங்காத காலு'. மிதுனாவின் அலுவலகத்தில் அடுத்த நாற்காலிக்காரி ஐந்து இடம் தட்டிப்போனவள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பதில் அவள் படிக்கட்டு ஏறுகிறாள்.

மிதுனாவின் வேலை நாமக்கல்லில். டிரைவர் இல்லாத லாரிகளைத் திரையில் மேய்ப்பது. ஓசூர்ப் பாலத்தில் ஒரு லாரி குழம்பி நின்றால் இங்கிருந்து அதற்கு வழி சொல்ல வேண்டும். அவளுக்கு வயது இருபத்தெட்டு. ஏற்கெனவே இரண்டு மலை ஏறியிருக்கிறாள். ஏற்காட்டில் உற்சாகமாக மிதித்ததில் பையனை அவளே பாதிக்கு மேல் இழுத்திருந்தாள். "இன்னைக்குப் பையனை இழுக்குது, நாளைக்குக் குடும்பத்தையே இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது முறை காய்ச்சலோடு போனாள். வாங்குற காலு என்றார்கள்.

"இந்தத் தடவை சரிசமமா வரணும், அம்மிணி," என்று காலையில் அடிவாரத்தில் மாமா காதோடு சொன்னார். "மிதிச்சுக் காட்டச் சொல்றப்ப அரைக் காலால மிதி. எண்ணு குறைச்சலா வந்தா பையனோட ஒத்துப்போகும். மிச்சத்தை மேல ஏற ஏறப் பாத்துக்கலாம்."

மிதுனா மறுத்திருப்பாள். ஆனால் சர்வேஷ் விஷயத்தில் அவளுக்குத் துணிச்சல் குறைந்திருந்தது. ஒரு மாதமாகப் போனில் பேசுகிறார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் கோழித் தீவன ஆலை வைத்திருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் இரண்டு தடவை பெயில் என்று முதல் நாளே சொன்னான். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பான். இவன் கிடைத்தால் போதும் என்று அவள் முடிவு செய்து பத்து நாள் ஆகிவிட்டது. அதனால் அரைக் காலால் மிதித்தாள். நாற்பத்து நான்கு வந்தது.

பொய் சொன்னதைவிட, பொய் இவ்வளவு மெதுவாக ஓடுவதுதான் இப்போது அவளை அரித்தது.

வளைவைத் தாண்டி ஒரு டீக்கடை. வளர்மதி கையைத் தூக்கினாள். எல்லோரும் இறங்கினார்கள். வேனிலிருந்து தேவகி இறங்கினாள். சைக்கிள்களை வாடகைக்கு விட்டு, கூடவே வந்து, மேலே போனதும் திரையைப் படித்துச் சொல்வது அவள் வேலை. இறங்கியவள் தோளில் சால்வை போட்டிருந்தாள்.

"என்னம்மா, குளிருதா?" என்றார் மாமா, வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

"ஏ.சி.ங்க. எப்பவும் போடமாட்டேன், சார்ஜ் தாங்காது. இன்னைக்கு வேன் சார்ஜ் ரொம்பி வழியுதுங்க."

"வேனுக்கு எங்கிருந்து சார்ஜு?" என்று சர்வேஷ் கேட்டான்.

"எல்லாம் உங்க உபயந்தாங்க. குடுக்க ஆள் இருந்து வாங்க ஆள் இல்லைன்னா, மிச்சத்தை வேன் வாங்கிக்கும். நாலு வருசமா இந்த மலையில ஏறி இறங்கறேன். நீங்க நாலாந்தரக் குழு. முட்டி மாத்தினவங்க, அறுபது தாண்டினவங்க வர்ற தரம். அந்தத் தரத்துல வந்து வேனை ரொப்பிவிட்டவங்களை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

சொல்லிவிட்டுத் தேவகி இஞ்சி டீயை உறிஞ்சினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. தொழில் தெரிந்தவள்.

மாமா கடையின் கூரையை ஆராய்ந்தார். வளர்மதி துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மிதுனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏமாற்றியது தான் மட்டும் இல்லை.

"இப்படியே போனா மேல போய்ச் சேர எத்தனை மணி ஆகும்?" என்றாள் வளர்மதி.

"ஏழு ஆயிருமுங்க."

"ஏழா? நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதுக்குள்ள போயி, திரையைப் பாத்து, வெத்தலை பாக்கு மாத்திக்கணும். ராகு காலம் முடியறப்ப இருட்டிரும், விளக்கு வெச்சப்பறம் நாங்க மாத்தறதில்ல. தவறிச்சுன்னா சாமி வேண்டாங்குதுன்னு அர்த்தம். ராகு காலத்துல எங்க வீட்டுல பால்கூடக் காய்ச்சமாட்டோம்." வளர்மதி மிதுனாவைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னாள். "மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. அடுத்த ஞாயித்துக்கெழமை பவானிப் பொண்ணு ஒண்ணோட மலை புக் பண்ணியிருக்குது. எங்க பெரியவங்க ஏற்பாடு. இன்னைக்கு இது முடிஞ்சாத்தான் அதை நிறுத்த முடியும்."

"வேகத்தைக் கூட்டவே முடியாதுங்களா?" என்று மிதுனா தேவகியைக் கேட்டாள்.

"முடியுமே. யாராச்சும் மறுக்கா மிதிச்சுக் காட்டினாப் போதும். எண்ணு ஏறிச்சுன்னா வேகமும் ஏறும். ஆனா காலைல வந்த எண்ணும் இப்ப வர்றதும் பக்கத்துல பக்கத்துல நிக்கும். மேல போனதும் ரெண்டு வீட்டுக்காரரும் பாப்பாங்க. அதை அழிக்கறதுக்கு எனக்கே வழியில்ல."

ஒவ்வொருவரும் அடுத்தவர் வாயைத் திறக்கக் காத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கூடக் காத்திருந்தார். மிதுனா சர்வேஷைப் பார்த்தாள். அவன் டம்ளருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

பவானிப் பெண்ணை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நிமிடம் அவளைப் பிடிக்காமல் போயிற்று.

"நான் மிதிக்கிறேன்," என்றாள்.

"அம்மிணி, உனக்குத்தான் கெண்டைக்கால் புடிச்சிருக்குன்னு…" என்று மாமா ஆரம்பித்தார்.

"புடிக்கலை மாமா. காலைல நான் ஏமாத்தினேன். அரைக் காலாலதான் மிதிச்சேன்."

தேவகி சைக்கிளைத் தாங்கியில் ஏற்றினாள். மிதுனா ஏறி உட்கார்ந்தாள். காலையிலிருந்து தேங்கிக் கிடந்ததெல்லாம் கால் வழியாக இறங்கியது. கடையின் தகரக் கூரை அதிர்ந்தது. தொண்ணூற்றொன்று.

வளர்மதி எண்ணைப் பார்த்தாள், பிறகு பெண்ணைப் பார்த்தாள். "இத்தனையும் எங்க வெச்சிருந்தே?"

"ஒளிச்சு வெச்சிருந்தேங்க. ஏற்காட்டுல வெளிய காட்டினேன், வேண்டாம்னுட்டாங்க."

மிதுனா இன்னொரு குரலுக்குக் காத்திருந்தாள். நானும்தான் என்று சர்வேஷ் சொல்வான் என்று. வேதியியல் பெயிலைச் சொன்னவனுக்கு இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவன் வாயைத் திறந்தான். அம்மாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான். டம்ளரை வைத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினான்.

அடுத்த இருபது வளைவுகளை மிதுனா கோபத்தால் ஏறினாள். வேகம் கூடியிருந்தது. காற்று முகத்தில் அடித்தது, மிளகுக்கொடி வாசனை வந்தது, பலாப்பழக்காரியைத் தாண்டினார்கள். "அட, சரி பண்ணிட்டீங்களாட்ட இருக்குது!" என்று அவள் பின்னாலிருந்து கத்தினாள். மூன்று பேரின் பாரம் தொடையில் தெரிந்தது. மாமாவின் பாரம் எது, வளர்மதியின் பாரம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. சர்வேஷின் பாரத்தை மட்டும் அவள் தனியாகக் கண்டுபிடித்துத் திட்டிக்கொண்டே இழுத்தாள். கோழைப் பயல். அம்மா முகத்தைப் பார்த்துப் பேசுகிற பயல்.

நாற்பதைத் தாண்டியதும் மலை தன் வேலையைக் காட்டியது. சாலை செங்குத்தாக நிமிர்ந்தது. அவள் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. அவள் களைக்கக் களைக்கச் சைக்கிள்களும் வேகத்தைக் குறைத்தன. தேவகி வேன் ஒலிபெருக்கியில், "இப்படிப் போனா அஞ்சரைங்க," என்றாள்.

"நிறுத்துங்க," என்றாள் வளர்மதி.

பள்ளத்தாக்கு பார்க்கும் இடம் அது. கீழே தரை நிலம் புகையாகத் தெரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. வளர்மதி துண்டை எடுத்து இடுப்பில் கட்டினாள்.

"எனக்கும் ஒருக்கா மிதிக்கணும்."

"அம்மா?" என்றான் சர்வேஷ்.

"நீ சும்மா இரு."

காலையில் முப்பத்தொன்பது. இப்போது எண்பத்து மூன்று. ஐம்பத்தாறு வயது. தேவகியே விசிலடித்துவிட்டாள்.

"தினமும் கோழிப் பண்ணைக்குச் சைக்கிள்லதான் போறேன், வாறேன்," என்றாள் வளர்மதி, யாரோ குற்றம் சாட்டியதுபோல. "ஏன் குறைச்சு மிதிச்சேன்னு யாரும் கேக்காதீங்க. அது எங்க வீட்டு விசயம்."

இந்த இடத்தில் மாமாவுக்கு வீரம் வந்தது. "அப்பறம் நான் மட்டும் எதுக்கு மறைக்கணும்? நானும் காலைல அடக்கித்தான் வாசிச்சேன்! வெய்யும்மா சைக்கிளைத் தாங்கியில!"

ஏறினார். பல்லைக் கடித்தார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிற்று. காலையில் நாற்பத்தொன்று. இப்போது நாற்பத்திரண்டு.

"ரொம்ப நல்லா அடக்கியிருக்கீங்க," என்றாள் தேவகி.

மாமாவே சிரித்துவிட்டார். வளர்மதி வாயைத் துண்டால் மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மிதுனா சொன்னாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது.

"இன்னும் ஒருத்தர் பாக்கி."

"அவன் வேண்டாம் கண்ணு," என்றாள் வளர்மதி சட்டென்று. "நேரமாச்சு, கிளம்பலாம்."

"இல்லம்மா. கேட்டுட்டாங்கல்ல." சர்வேஷ் சைக்கிளில் ஏறினான்.

அவன் மிதித்ததை மிதுனா அப்புறம் பல நாள் நினைத்துக்கொண்டாள். அதில் நடிப்பு ஒரு துளி இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கைப்பிடியில் விரல் வெளுத்தது, உடம்பே சைக்கிளோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடியது. கடைசியில் நின்றுகொண்டே மிதித்தான். இறங்கியதும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான்.

முப்பத்தெட்டு. காலையிலும் முப்பத்தெட்டு.

"ஸ்டாக்கு அவ்வளவுதாங்க," என்றான். சொல்லும் முன்பே சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

மிதுனா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். மாட்ட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இப்போது இரண்டு பேர் இழுத்தார்கள். சைக்கிள்கள் துள்ளிக் கிளம்பின. வளர்மதி முன்னால், மாமா அவள் பின்னால், மிதுனாவும் சர்வேஷும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு வளைவு கடந்தது.

"டீக்கடையிலேயே சொல்லியிருக்கலாமே," என்றாள் மிதுனா. "நான் ஏமாத்தலைன்னு. ஒரு வார்த்தை."

"நீங்க எல்லார் முன்னாலயும் ஏமாத்தினேன்னு சொல்றீங்க. அந்த நேரம் பாத்து நான் எந்திரிச்சு, 'நான் யோக்கியன்'னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நான் உங்களைக் கோழைன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சுதுங்க. உங்ககிட்ட இருந்து வர்றப்ப சக்கரம் குலுங்கிக்கிட்டே வந்துச்சு. திட்டுறீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

மிதுனாவுக்குச் சிரிப்பு வந்தது, கட்டுப்படுத்தினாள். "அம்மா ஏன் குறைச்சு மிதிச்சாங்க?"

"எனக்கே இப்பத்தான் புரியுது. முந்தி மூணு தடவை வந்தோம். மூணு தடவையும் திரையில அம்மாதான் என்னை இழுத்திருந்தாங்க. அம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டே வர்ற பையன்னு போயிட்டாங்க. அதான் இந்தத் தடவை அம்மா தன் காலைக் கட்டிப்போட்டுட்டாங்க போல." மூச்சு வாங்க நிறுத்தினான். "உடம்புல ஒரு வியாதியும் இல்லீங்க. எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. சில பேருக்குப் பாட்டு வராதில்ல? அந்த மாதிரி."

முன்னாலிருந்து வளர்மதி குரல் கொடுத்தாள். "முடியலைன்னா சொல்லு கண்ணு. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு முடியலைன்னா நீங்க சொல்லுங்க அத்தை!"

"அம்மிணி," என்றார் மாமா பின்னால் திரும்பாமலே, "இன்னும் வெத்தலை மாத்தலை."

வளர்மதி வேகத்தைக் கூட்டினாள். மிதுனாவும் கூட்டினாள். யாருக்கும் மூச்சு முட்டாத வேகம் என்று இயந்திரம் வைத்திருந்த வரம்பை இரண்டு பெண்களும் சேர்ந்து இடித்துக்கொண்டே இருந்தார்கள். மிஞ்சியதெல்லாம் வேனுக்குப் போயிற்று. தேவகி மறுபடி சால்வையைப் போர்த்தினாள். இரண்டு ஆண்களும் நடுவில், சாமி ஊர்வலத்தில் சப்பரம் போவதுபோலச் சுகமாக ஏறினார்கள். ஆனால் சர்வேஷ் காலை நிறுத்தவில்லை. மிதுனா கவனித்தாள். நிறுத்தினாலும் சைக்கிள் போகும், யாருக்கும் தெரியாது. அவன் மிதித்துக்கொண்டேதான் வந்தான்.

மலைமேல் சோளக்காடு சந்தைக்குள் நுழைந்தபோது மணி நாலு கூட ஆகவில்லை.

தேவகி வேனின் பக்கவாட்டுத் திரையை விரித்தாள். மாமா தட்டை எடுத்து வெற்றிலை, பாக்கு, ஆறு கொல்லிமலை வாழைப்பழம் எல்லாம் அடுக்கினார். திரையில் கோடுகள் வந்தன. மிதுனாவிடமிருந்தும் வளர்மதியிடமிருந்தும் கிளம்பிய கோடுகள் எல்லாம் சர்வேஷிடமும் மாமாவிடமும் போய் விழுந்தன. சர்வேஷிடமிருந்து யாருக்கும் ஒரு கோடு கிடையாது. தேவகி தொண்டையைச் செருமிக்கொண்டு, அரசாங்க அறிவிப்பு படிக்கும் குரலில் படித்தாள்.

"பெண்ணும் பையனும், நூற்றுக்கு முப்பத்தொன்று. பொருந்தாது. குழுவிலேயே உயர்ந்த பொருத்தம், பெண்ணும் பையனின் தாயாரும். தொண்ணூற்று நான்கு."

மாமா வெடித்துச் சிரித்தார். பக்கத்துக் கடையில் அன்னாசி வெட்டிக்கொண்டிருந்தவரும் சிரித்தார். வளர்மதி சிரிக்கவில்லை. வேன் படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு முதல் தடவையாக மிதுனாவின் கண்ணைப் பார்க்காமல் பேசினாள்.

"நாலு பேருல ரெண்டு பேரு ஏமாத்தினோம். அதுல எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல. இது நாலாவது இடம் இவனுக்கு. திரையில இருக்கறது பொய்யில்ல, நீயும் கண்ணால பாத்துட்டே. வேண்டாம்னா முகத்துக்கு நேரா சொல்லணும்னு இல்ல கண்ணு. நாளைக்குப் போன்ல சொன்னாலும் சரிதான்."

மிதுனாவுக்கு நிராகரிக்கப்படத் தெரியும். இரண்டு தடவை பழகியிருக்கிறாள். நிராகரிக்கச் சொல்லி ஒருத்தி இப்படித் தட்டோடு உட்கார்ந்திருப்பாள் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"கொஞ்சம் நடந்துட்டு வர்றோம்," என்றாள்.

சந்தைக்குள் போனார்கள். மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டுகள் வாங்கினார்கள். அவன் துண்டில் பொடி அதிகமாகி மூக்கில் தண்ணீர் வந்தது. மலைத்தேன் கடை, சிறுதானியக் கடை, வாழைத்தார் ஏலம் எல்லாவற்றையும் தாண்டினார்கள்.

"ஊர்ல கேப்பாங்க," என்றாள் மிதுனா. "முப்பத்தொண்ணு வாங்கியும் கட்டிக்கிட்டாளான்னு."

"கேப்பாங்க. உங்களை அடங்காத காலும்பாங்க. என்னைச் சொல்றதுக்கு நிறைய இருக்கு."

"உங்களை யாராவது இழுத்துக்கிட்டுப் போறது உங்களுக்கு அசிங்கமா இருக்குமா? நெசமா சொல்லுங்க. அப்பறம் ஒரு நாள், வீட்டுல, சண்டையில வந்து நிக்கக் கூடாது."

அவன் யோசித்தான். யோசிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"கொஞ்சம் இருக்குங்க. இல்லைன்னா பொய். ஆனா நான் சும்மா உக்காந்துக்கிட்டு வரமாட்டேன். இருக்கற முப்பத்தெட்டையும் மிதிப்பேன்." குச்சியால் அன்னாசியைக் குத்தினான். "உங்களுக்கு? எப்பவும் பாரம் இழுத்துக்கிட்டே இருக்கணும்ல?"

"எனக்கு இழுக்கறது கஷ்டமா இல்லீங்க. காலைல அரைக் காலால மிதிச்சேன் பாருங்க, அதுதான் கஷ்டம். அந்தப் பதினேழு வளைவும் செத்துடலாம்போல இருந்துச்சு. என்னை முழுசா மிதிக்க விடுவீங்களா? அது போதும் எனக்கு."

"நான் எங்கங்க விடறது? பிரேக் போட்டாக்கூட நிக்கமாட்டீங்க போல இருக்கே."

இந்தத் தடவை அவன் முடிக்கும் முன் அவள் சிரித்தாள்.

அதற்குப் பிறகும் உடனே திரும்பவில்லை. ஏலத்தில் ஒரு வாழைத்தாருக்கு இரண்டு பேர் சண்டை போட்டதை நின்று வேடிக்கை பார்த்தார்கள். கோழிகளுக்கு ஏன் கோபம் வருகிறது என்று அவன் விளக்கினான். லாரிகளுக்கு ஏன் குழப்பம் வருகிறது என்று அவள் விளக்கினாள். திரும்பி வந்தபோது வேனின் நிழல் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கச் சுவரில் ஏறியிருந்தது. கடைகளில் விளக்கு ஒன்றிரண்டு எரிய ஆரம்பித்திருந்தது.

வளர்மதி அதே படியில் அதே தட்டோடு இருந்தாள். வெற்றிலை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, மடியெல்லாம் நனைந்திருந்தது.

"என்ன கண்ணு?" என்றாள்.

"வெத்தலையை எடுங்க அத்தை. மாத்திக்கலாம்."

வளர்மதி எழுந்தாள். மாமாவும் வேகமாக எழுந்தார். எழுந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறியது. "ஐயய்யோ," என்றார். "அம்மா… மணி…"

மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் தலைக்கு மேல், வேனின் நெற்றியில், சிவப்பு எழுத்தில் பெரிதாகவே தெரிந்தது. தேவகி அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே கையை விட்டு எதையோ திருகினாள். எழுத்து அணைந்தது.

ராகு காலத்தில் பால்கூடக் காய்ச்சாத வளர்மதி மேற்கே பார்த்தாள். மலைமுகட்டில் சூரியன் இறங்கத் தயாராக நின்றது. நீண்டு கிடந்த நிழல்களைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். கண்ணை இமைக்காமல் சொன்னாள்.

"நாலரை ஆக இன்னும் நேரமிருக்குது."

மாமா சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தின் மேல் விட்டுக்கொண்டார்.

"தாராளமா இருக்குதுங்க," என்றார். "தட்டைக் குடுங்க."